ஆர்டிஸ் வீட்டு பிளக் பாயிண்ட்

ஆர்டிஸ் ஹௌகெருடின் பார்வை ஒரேயடியாகப் போய்விடவில்லை. முதலில் ஊசியின் காது போனது. அடுத்த வருடம் தொலைபேசிப் புத்தகத்தின் எழுத்துகள் போயின. அதற்கடுத்த குளிர்காலத்தில், எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிறவரின் மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற மூட்டம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. காதுகளும் தோள்களும் மட்டும் தெரிந்தன. ஃபார்கோவிலிருந்த கண் டாக்டர், விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, ஓரங்கள் தேயாது, முழு இருட்டு ஒருநாளும் வராது என்றார்.

"அது போதும்," என்றாள் ஆர்டிஸ். கணவன் வெர்லின் எண்பது மைல் காரை ஓட்டி அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் எப்போதுமே அளந்து பேசுகிறவன்.

அப்போது அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. மின்னசோட்டாவின் வடமேற்கு மூலையில், அவர்கள் இருந்த சிற்றூரில் ஒரே ஒரு தொழிற்சாலை இருந்தது. கார் என்ஜின் குளிரில் உறைந்துபோகாமலிருக்க ராத்திரியெல்லாம் மின்சாரத்தில் மாட்டி வைக்கிற சூடேற்றிகளை அங்கே செய்தார்கள். ஆர்டிஸ் இருபத்திரண்டு வருடம் அங்கே மேசையில் உட்கார்ந்து கம்பிகளைத் திருகாணிகளில் மாட்டினாள். கம்பியின் தோலை உரிப்பது, நுனியை வளைப்பது, திருகாணியைச் சுற்றிப் போட்டு இறுக்குவது, கடைசியில் ஒரு முறை இழுத்துப் பார்ப்பது. இழுத்துப் பார்க்காத பெண்களை மேற்பார்வையாளரைவிட ஆர்டிஸ்தான் அதிகம் திட்டுவாள். அவள் செய்த ஒரு சூடேற்றி, திருகாணி தளர்ந்திருக்கிறது என்று திரும்பி வந்த அன்றைக்கு, யாரும் கேட்காமலே தன் ஏப்ரனை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். தன் கண்ணைப் பற்றி மற்றவர்கள் பேசத் தொடங்குமுன் தானே பேசி முடித்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

வேலையை விட்ட பிறகு நாள்கள் நீண்டன. படிப்பது போயிற்று, தைப்பது போயிற்று. அப்போதுதான் மாநில அரசு பார்வை போனவர்களுக்கு இரவலாகக் கொடுக்கும் வானொலிப் பெட்டி ஒன்று வந்தது. ரொட்டி டப்பா அளவு, ஒரே ஒரு குமிழ், ஒரே ஒரு நிலையம். அதில் பாட்டு கிடையாது. காலையில் செய்தித்தாளை விளம்பரம் உட்பட வாசிப்பார்கள். பிற்பகல் மூன்றரையிலிருந்து நாலரை வரை ஒரு நாவலைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பார்கள். ஒரு நாள் விட்டால் விட்டதுதான், திருப்பிக் கேட்க வழியில்லை.

அந்தப் பெட்டிக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வரவேற்பறையின் தெற்குச் சுவர் ஓரமாக, சோபாவை ஒட்டி வைத்தால் மட்டுமே குரல் தெளிவாகக் கேட்டது. சமையலறையில் வைத்தால் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல இரைச்சல். படுக்கையறையில் அதுவும் இல்லை.

சோபாவுக்குப் பின்னாலிருந்த பிளக் பாயிண்டுக்கோ வேறொரு பிடிவாதம். வீட்டைக் கட்டியவர் வரவேற்பறைக் கூரையில் விளக்கு வைக்கவில்லை. பதிலாக, வாசற்கதவருகே ஒரு சுவிட்ச் வைத்து, அதைத் தட்டினால் எதிர்ச்சுவரிலிருந்த அந்தப் பிளக் பாயிண்டுக்கு மின்சாரம் போகும்படி செய்திருந்தார். அதில் மாட்டிய நிலைவிளக்கு எரியும். அந்த ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான். பாயிண்டில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு வாய்கள் இருந்தன. சுவிட்சைத் தட்டினால் இரண்டுக்கும் உயிர் வரும், அணைத்தால் இரண்டும் சாகும்.

வெர்லின் முப்பத்தொரு வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் பிறந்த பண்ணையில் காற்றாடி சுற்றினால்தான் பேட்டரியில் மின்சாரம். காற்றில்லாத வாரத்தில் எல்லோரும் இருட்டில் சாப்பிட்டு இருட்டில் படுப்பார்கள். ஆகவே வெளிச்சம் இருக்கும்போது விளக்கு எரிவதைப் பார்த்தால் அவன் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். பிற்பகலில் கொட்டகைக்கும் வீட்டுக்குமாக நாலு தடவை நடப்பான். அதில் ஒரு தடவையாவது விளக்கு அணையும். கூடவே நாவலும் அணையும்.

"வெர்லின்!"

"ஓ. மறந்துட்டேன்."

மறுபடி தட்டுவான். பெட்டி சூடேறிக் குரல் வருவதற்குள் கதையில் யாராவது செத்திருப்பார்கள், அல்லது கல்யாணம் முடிந்திருக்கும்.

ஆர்டிஸ் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தாள். சாயங்காலம் அவனே அதைப் பிய்த்துவிட்டான். விளக்கின் கழுத்திலிருந்த சாவியைத் திருகி விளக்கை மட்டும் அணைத்து வைத்துப் பார்த்தாள். இருட்டில் வந்த வெர்லின் சுவிட்சைத் தட்ட, விளக்கு வரவில்லை, வானொலி நின்றது. விளக்கு கெட்டுவிட்டதென்று அவன் புது பல்பு மாட்டினான். பிறகு வெர்லினே ஒரு வழி கண்டுபிடித்தான். சமையலறைப் பாயிண்டிலிருந்து பழுப்பு நிற நீட்டிப்பு வயர் ஒன்றை நடை வழியாக இழுத்து வானொலிக்குக் கொடுத்தான். மூன்றாம் நாள் ஆர்டிஸின் கால் அதில் மாட்டியது. இடுப்பு கன்றிப்போய் ஒரு வாரம் படுத்திருந்தாள். எழுந்த அன்றைக்கு முதல் வேலையாக அந்த வயரைச் சுருட்டி, பின்கதவைத் திறந்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டிப் பனிக்குள் வீசினாள்.

"ஏப்ரல்ல பனி கரைஞ்சா கிடைக்கும், போய் எடுத்துக்கோ," என்றாள்.

இவ்வளவும் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஒரு ஜனவரிப் பிற்பகல். வெர்லின் வந்தான், சுவிட்சைத் தட்டினான், குரல் பாதி வாக்கியத்தில் அறுந்தது. அவள் கத்தினாள். அவன் கையிலிருந்த விறகைக் கீழே போட்டுவிட்டு, எரிச்சலில், யோசிக்காமல் சொன்னான்:

"பட்டப்பகல்ல விளக்கு. நான் வெளிய இருந்தேன். யாருக்காக எரியுது அது?"

சொன்ன பிறகு அவனுக்கே அது கேட்டிருக்க வேண்டும். விறகை எடுத்து அடுக்குவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான். அவன் தட்டும்வரை ஆர்டிஸின் கண் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு தெரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த விளக்கு எரிகிறதா இல்லையா என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஊரிலிருந்த ஒரே எலக்ட்ரீஷியன் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடா போயிருந்தான். பனி கரைந்த பிறகுதான் வருவான். ஆர்டிஸ் இரண்டு வாரம் யோசித்தாள். யோசித்தது தன்னால் முடியுமா என்றல்ல, சுவருக்குள் என்ன இருக்கும் என்று. சோபாவுக்குப் பின்னாலிருந்த பாயிண்டுக்குத்தான் சுவிட்ச். அதைத் தாண்டி, அதே சுவரில், ஜன்னலடியில் இன்னொரு பாயிண்ட் இருந்தது. அதற்குச் சுவிட்ச் கிடையாது, எப்போதும் மின்சாரம் உண்டு. அந்த மின்சாரம் எந்த வழியாகப் போகிறது? சுவிட்சுப் பக்கமிருந்து, சோபாப் பாயிண்டின் பெட்டிக்குள் புகுந்து போகிறதென்றால், எப்போதும் உயிரோடிருக்கும் கம்பி ஒன்று அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால் மேல் வாயை அதில் கட்டிவிடலாம். கீழ் வாய் சுவிட்சோடு இருக்கட்டும். அவன் விளக்கு அவனுக்கு, அவள் கதை அவளுக்கு. வேறு வழியாகப் போகிறதென்றால் பெட்டியை மூடிவிட்டு ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வெர்லின் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்க, தூண்டிலோடு உறைந்த ஏரிக்குப் போனான். அவன் தங்கை லாவோன் வழக்கம்போலக் காப்பிக்கு வந்தாள், கையில் ஒரு தட்டு ஓட்ஸ் இனிப்போடு. ஆர்டிஸ் அவளுக்குக் காப்பி ஊற்றவில்லை.

"கோட்டைக் கழட்டாத. கீழ குளிரா இருக்கும். ஃபியூஸ் பெட்டிகிட்ட போகணும்."

"எதுக்கு?"

ஆர்டிஸ் சொன்னாள். லாவோன் தட்டை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உனக்குப் பைத்தியமா? கண்ணு தெரியாம கரண்டுல கை வைக்கப் போறியா?"

"கண்ணு உன்னோடது. கை என்னோடது."

"நீ செத்துப்போனா நான் என் அண்ணனுக்கு என்னன்னு பதில் சொல்ல?"

"நாலரைக்குள்ள செத்தா கதை போச்சேன்னு வருத்தப்பட்டாள்னு சொல்லு. எழுந்திரு."

நிலவறையில் ஃபியூஸ் பெட்டியின் கதவில் வெர்லின் பென்சிலால் எழுதியிருந்ததை லாவோன் மூக்கு முட்டப் படித்தாள். ஒன்றைத் திருகிக் கழற்றிக்கொண்டு மேலே வந்தாள். நிலைவிளக்கைப் பார்த்தாள்.

"எரியல. செத்துடுச்சு. சீக்கிரம் செஞ்சு முடி."

"இரு. சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கு?"

"கீழ."

"சுவிட்ச் கீழ இருந்தா விளக்கு எப்படிடி எரியும்? மேல தள்ளு."

அங்கே சுவிட்சை மேலே தள்ளினால்தான் விளக்கு எரியும். லாவோன் தள்ளினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவள் போட்ட கூச்சலில் தெருவில் போன நாய் குரைத்தது.

"நீ கழட்டினது சமையலறையோடது," என்றாள் ஆர்டிஸ். "பிரிட்ஜ் சத்தம் நின்னுடுச்சு, கேக்கல? அதைத் திரும்ப மாட்டிட்டு அடுத்ததைக் கழட்டு. விளக்கு எரியட்டும், சுவிட்சைத் தொடாத. எப்ப அணையுதுன்னு நான் சொல்றேன்."

லாவோன் முனகிக்கொண்டே மறுபடி இறங்கினாள். ஆர்டிஸ் தலையைச் சற்றுத் திருப்பி, கண் ஓரத்து மஞ்சள் திட்டைக் கவனித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது ஃபியூஸில் அது மறைந்தது.

"அதுதான்!" என்று நிலவறைப் படியில் குரல் கொடுத்தாள்.

அதோடு விடவில்லை. விளக்கை அதே பாயிண்டின் இரண்டு வாயிலும் மாட்டச் சொன்னாள், பிறகு ஜன்னலடிப் பாயிண்டிலும். எங்கும் எரியவில்லை. கழற்றிய ஃபியூஸை லாவோனிடமிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இது என்கிட்ட இருக்கிற வரைக்கும் வெர்லினே வந்தாலும் ஒன்னும் ஆகாது."

சோபாவை இரண்டு பேருமாக நகர்த்தினார்கள். ஆர்டிஸ் தரையில் முழங்காலிட்டாள், கன்றிய இடுப்பு வலித்தது. மூடியின் திருகாணியைக் கழற்றினாள், பாயிண்டைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளையும் கழற்றினாள், மெதுவாக வெளியே இழுத்தாள். இருபது வருடத் தூசி வந்தது. கை வைப்பதற்கு முன் ஒரு கணம் நின்றாள். பிறகு புறங்கையால் முதலில் தொட்டாள், அது தொழிற்சாலைப் பழக்கம். ஒன்றுமில்லை.

விரல்கள் உள்ளே போயின. ஒரு பக்கத் திருகாணியில் ஒரு கம்பி. மறுபக்கத்தில் இரண்டு கம்பி. அடியில் தோலில்லாத மொட்டைக் கம்பி, அது தரைக்குப் போவது, அதைத் தொடவேண்டியதில்லை. பெட்டியின் ஆழத்தில், பின்பக்கம், பிளாஸ்டிக் மூடி திருகிய ஒரு கொத்து.

அவள் விரல் அங்கேயே நின்றது.

"டார்ச் அடி. இந்த மூடிக்குள்ள போற கம்பிங்க என்ன நிறம்?"

"எல்லாம் தூசி நிறம்."

"துடைச்சுட்டுப் பாரு, லாவோன்."

லாவோன் கைக்குட்டையில் எச்சில் தொட்டுத் துடைத்தாள். "கருப்பு. இன்னொன்னும் கருப்பு. ரெண்டும் கருப்பு."

"இந்தத் திருகாணில இருக்கிறது?"

"இது... கருப்பு. இல்ல, இரு. சிவப்பு. கருஞ்சிவப்பு, கல்லீரல் நிறம்."

ஆர்டிஸ் குதிகாலில் சாய்ந்து உட்கார்ந்தாள். சிவப்பு சுவிட்சிலிருந்து வருவது. கறுப்பு இரண்டும் எப்போதும் உயிரோடிருப்பவை. ஒன்று உள்ளே வந்து, மற்றது ஜன்னலுக்குப் போகிறது. அவள் நினைத்தது அப்படியே இருந்தது. தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. ஆனால் லாவோனிடம், "சரி," என்று மட்டும் சொன்னாள்.

பாயிண்டின் இரண்டு வாய்களையும் இரு பக்கமும் சின்னப் பித்தளைத் தகடுகள் இணைத்திருந்தன. மின்சாரம் வரும் பக்கத்துத் தகட்டை மட்டும் ஒடிக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று லாவோனைக் கேட்கவில்லை. கட்டை விரல் நகத்தால் வாய்த் துளைகளைத் தடவினாள். நீளமான துளை மின்சாரம் திரும்பிப் போகும் வெள்ளைக் கம்பிகளின் பக்கம், குட்டையான துளை மின்சாரம் வரும் பக்கம். குறடால் தகட்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினாள். ஐந்தாவது ஆட்டலில் ஒடிந்து தரையில் விழுந்தது.

"உடைச்சுட்டியே!" என்றாள் லாவோன்.

"உடைக்கத்தான் வேணும்."

சிவப்பைக் கீழ்த் திருகாணிக்கு மாற்றினாள். வெர்லினின் கொட்டகையில் மிச்சமிருந்த கறுப்பு வயரில் ஒரு சாண் வெட்டி வைத்திருந்தாள். இரு முனையிலும் தோலை உரித்து, ஒரு முனையை மேல் திருகாணியில் இறுக்கினாள். மறுமுனையை அந்தக் கறுப்புக் கொத்தோடு சேர்த்து முறுக்கிப் பெரிய மூடி ஒன்றைத் திருகினாள். ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது கையோடு வந்துவிட்டது.

ஆர்டிஸ் மூடியைக் கழற்றி, கம்பிகளின் நுனியைச் சமமாக வெட்டி, மறுபடி முறுக்கி, மறுபடி திருகி, மறுபடி இழுத்தாள். இந்த முறை ஒன்றும் அசையவில்லை.

மணி மூன்று இருபதுக்கு லாவோன் ஃபியூஸை மாட்டிவிட்டுப் படியேறி வந்தாள். வானொலி மேல் வாயில், விளக்கு கீழ் வாயில். பெட்டி சூடேற அரை நிமிடம் ஆனது. பிறகு ஒரு ஆணின் குரல் மாட்டுத் தீவன விலையை வாசித்தது.

"இப்ப சுவிட்சை அணை."

லாவோன் அணைத்தாள். மஞ்சள் திட்டு போயிற்று. தீவன விலை போகவில்லை. லாவோன் மறுபடி தட்டினாள், அணைத்தாள், தட்டினாள். "அட!" என்றாள். பிறகுதான் இருவரும் காப்பி குடித்தார்கள்.

வெர்லின் நாலு மணிக்கு மூன்று மீன்களோடு வந்தான். தங்கை கோட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான், சோபா கோணலாக இருப்பதைப் பார்த்தான், விளக்கு எரிவதைப் பார்த்தான். கை சுவிட்சுக்குப் போனது. விளக்கு அணைந்தது. கதையில், அலாஸ்காவில் மீன்பிடிப் படகு ஒன்று கவிழ்ந்துகொண்டிருந்தது, கவிழ்ந்துகொண்டே இருந்தது. அவன் சுவிட்சைப் பார்த்தான். மறுபடி தட்டினான்.

"என்ன பண்ணீங்க?"

"நான் ஒன்னும் பண்ணல," என்றாள் லாவோன் அவசரமாக. "டார்ச் மட்டும்தான் அடிச்சேன்."

"நாலரை வரைக்கும் பொறு," என்றாள் ஆர்டிஸ்.

அவன் பொறுத்தான், மீன்களைக் கையில் பிடித்தபடியே. நாலரைக்கு அவள் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவன் முகம் சிவந்தது. அது லாவோனுக்குத்தான் தெரிந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"பத்து மாசமா சொல்லிட்டுத்தான் இருந்தேன்."

"வீடு தீப்பிடிச்சிருந்தா?"

"பிடிக்கல."

அவன் மீனைச் சுத்தம் செய்யக் கொட்டகைக்குப் போனான். மூன்று மீனுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த வாரம் முழுவதும், படுக்கப் போகும் முன் அவன் சோபாவுக்குப் பின்னால் குனிந்து பாயிண்டின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதை ஆர்டிஸ் காலடிச் சத்தத்தில் தெரிந்துகொண்டாள். சுடுகிறதா என்று பார்க்கிறான். எட்டாம் நாள் அவன் குனியவில்லை. விளக்கு யாருக்காக எரிகிறது என்ற பேச்சை அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ஆனால் பிற்பகலில் அதை அணைப்பதை அவன் நிறுத்திவிட்டான். இப்போது அணைத்தாலும் பாதகமில்லை என்றான பிறகு நிறுத்தினான்.

கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடக்கும் நேரத்தில் அவன் காதிலும் கதை விழுந்தது. ஒருநாள் சாப்பாட்டின் நடுவே, உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே கேட்டான்:

"அந்தப் படகுக்காரனோட மூத்த பையன். கரை சேந்தானா?"

"சேந்தான். ஆனா ஒரு கால் போச்சு."

"ம்," என்றான் வெர்லின். "பனிதான் எடுத்திருக்கும்."

மார்ச் இறுதியில் அந்த நாவல் முடிந்தது. அடுத்ததாகத் தேனீ வளர்ப்பு பற்றிய புத்தகம் தொடங்கினார்கள். வாசித்தவர் மூக்கால் பேசினார். ஆர்டிஸ் இரண்டு நாள் கேட்டாள், மூன்றாம் நாள் குமிழைத் திருகி நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போனாள். மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது வெர்லின் வந்து வாசலில் நின்றான்.

"ஏன் நிறுத்திட்ட?"

"நல்லால்ல. வெறும் தேனீ."

அவன் பூட்ஸைக் கழற்றும் சத்தம் கேட்டது. சோபாவின் ஸ்பிரிங் முனகியது. குமிழ் திரும்பியது.

"ராணித் தேனீயை எங்க விட்டாங்க?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"பெட்டியை விட்டுப் பறந்துபோச்சு. நேத்து."

"சரி," என்றான் வெர்லின். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான். ஆர்டிஸ் மாவைத் துணியால் மூடி அடுப்பருகே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வரவேற்பறைக்குப் போனாள்.